உயிர் காக்கும் வினா

சிங்கப்பூர்த் தீவின் கிழக்குக் கோடியில், வடக்கு நோக்கிய கடற்கரையை ஒட்டி அமைந்திருப்பது பாசிர் ரிஸ். இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நகரமாக விளங்கும் இவ்விடம், 1980களுக்கு முன்பு கம்பத்து வீடுகளும் தோப்புகளும் விடுமுறை இல்லங்களும் கொண்ட கடலோரப் பகுதியாக இருந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்கே புதுநகரை எழுப்பிற்று. 1989ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் பெருவிரைவு ரயில் நிலையமும் திறக்கப்பட்டது. கம்பத்து வாழ்வில் ஒருவர் இரண்டு நாள் வெளியே வரவில்லையென்றால் அண்டை வீட்டார் வந்து விசாரிப்பர். அடுக்குமாடி வாழ்வில் கதவு மூடியபின் உள்ளே நிகழும் துயரம் வெளியே தெரிவது அரிது.

இந்நகரின் ஒரு வீட்டில் நள்ளிரவில் நிகழக்கூடிய காட்சி ஒன்றை எடுத்துக்காட்டுக்காகக் கற்பனை செய்து கொள்ளலாம். மனைவியை இழந்தவரும் தீராத வலியால் வருந்துபவருமான முதியவர் ஒருவர், “இனி நான் இருந்து யாருக்கு என்ன பயன்?” என்று மகளிடம் கூறுகிறார். சில நாள்களாக அவர் சரியாக உண்பதும் இல்லை, உறங்குவதும் இல்லை. மகள் அஞ்சி 995 என்ற எண்ணை அழைக்கிறாள். மருத்துவ வண்டி அவரைச் சீமெய் வட்டாரத்திலுள்ள சாங்கி பொது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லக்கூடும். அல்லது குடும்பத்தாரே அவரைப் புவாங்கோக்கில் இரவும் பகலும் இயங்கும் மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லக்கூடும். அங்கே ஓர் இளம் மருத்துவர், முன்பின் அறியாத அம்முதியவரோடு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசிவிட்டு ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது: இவர் இன்றிரவு வீடு திரும்பலாமா, கூடாதா?

அம்முடிவுக்கு அம்மருத்துவர் எவ்வாறு வருகிறார்? அதற்கான அறிவு எங்கிருந்து வந்தது? அவர் கேட்கும் வினாக்கள் எத்தனை ஆண்டுக்கால அனுபவத்தில் உருவானவை? இவற்றை ஆராயப் புகும்போது, சிங்கப்பூரின் மருத்துவ வரலாறும் சட்ட வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது புலனாகும்.

சிறையிலிருந்து மருத்துவமனைக்கு

சிங்கப்பூரின் தொடக்ககாலக் குடியேற்றத்தில் மனநோயாளிகளுக்கென்று தனி இடம் இருக்கவில்லை. அவர்கள் சிறையிலேயே அடைத்து வைக்கப்பட்டனர். சிறையினுள் நிகழ்ந்த ஒரு கொலை, குற்றவாளிகளையும் மனநோயாளிகளையும் ஒருங்கே வைப்பதன் தீமையை ஆட்சியாளருக்கு உணர்த்திற்று. அதன் விளைவாக ஆளுநர் போனம் காலத்தில், 1841ஆம் ஆண்டு பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் தெருவும் சந்திக்கும் இடத்தில் 30 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்று நிறுவப்பட்டது. 1860களின் தொடக்கத்தில் அது கண்டாங் கெர்பாவ் பகுதிக்கு இடம் மாறிற்று. தமிழர் பலர் மாட்டுத் தொழிலில் ஈடுபட்டிருந்த சிராங்கூன் சாலை வட்டாரம், அதாவது இன்றைய லிட்டில் இந்தியா, அதற்கு மிக அருகிலேயே உள்ளது.

1887இல் சிப்பாய் லைன்ஸ் பகுதியில், கல்லூரிச் சாலையில் 300 படுக்கைகள் கொண்ட புதிய காப்பகம் எழுந்தது. 1928இல் இயோ சூ காங் சாலையில் 1,030 படுக்கைகளுடன் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1951இல் அதற்கு உட்பிரிட்ஜ் மருத்துவமனை என்று பெயர் சூட்டப்பட்டது. 1993இல் அது புவாங்கோக் வளாகத்துக்கு இடம் பெயர்ந்து, மனநலக் கழகம் என்னும் பெயரும் பெற்றது.

இப்பெயர் மாற்றங்கள் வெறும் சொல் மாற்றங்கள் அல்ல. நோயாளியை எவ்வாறு நோக்குவது என்பதில் சமுதாயம் அடைந்த மாற்றத்தை அவை காட்டுகின்றன. ‘அடைத்து வைத்தல்’ என்பதே முதற் காப்பகங்களின் நோக்கமாக இருந்தது. அடைத்து வைப்பவருக்கு நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மிகச் சிலவே. குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்ப விரும்புபவருக்கோ கேள்விகள் பல. வீடு திரும்புதல் என்னும் வழி திறந்த பின்னரே, ‘திரும்பினால் பாதுகாப்பாக இருப்பாரா?’ என்னும் வினா பிறந்தது. இடர் மதிப்பீட்டுக்கு அதுவே தோற்றுவாய் எனலாம்.

குற்றமெனக் கருதப்பட்ட துன்பம்

மருத்துவமனை ஒரு வழியில் வளர்ந்தபோது, சட்டம் வேறொரு வழியில் நின்றது. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி, நீரிணைக் குடியேற்றங்களுக்கான தண்டனைச் சட்டம் 1872இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 309ஆம் பிரிவு, தற்கொலை முயற்சியைக் குற்றம் என வகுத்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று தப்பியவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அப்பிரிவு இடமளித்தது. இச்சட்டத்தின் தாயகமான இங்கிலாந்து 1961ஆம் ஆண்டிலேயே தன் நாட்டில் அதனைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆயினும் அதன் முன்னாள் குடியேற்ற நாடுகளில் அப்பிரிவு நெடுங்காலம் நீடித்தது.

சிங்கப்பூரில் இப்பிரிவின்கீழ் நீதிமன்றம் வரை கொண்டு செல்லப்பட்டோர் மிகச் சிலரே. ஆனால் ஒரு சட்டத்தின் விளைவு வழக்குகளின் எண்ணிக்கையோடு முடிந்துவிடுவதில்லை. குற்றம் என்ற சொல்லே வாயை அடைக்கவல்லது. காவலர் வருவர், பெயர் கெடும், வேலை போகும் என்று அஞ்சும் குடும்பம் நடந்ததை மறைக்கும். ‘மாத்திரையைத் தவறுதலாக உட்கொண்டுவிட்டார்’ என்று மருத்துவரிடமே சொல்லும். மருத்துவர் அறிய வேண்டிய உண்மைகளுள் தலையாயது, முன்பு ஒருமுறை முயன்றதுண்டா என்பதாகும். அந்த ஓர் உண்மையையே மறைக்கும்படி சட்டம் தூண்டியது என்பதுதான் இதிலுள்ள பெரிய முரண்.

இந்நிலை படிப்படியாக மாறிற்று. இலங்கை 1998இல் இதனைக் குற்றமற்றதாக்கியது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறிற்று. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் குற்றவியல் சட்டச் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று 309ஆம் பிரிவு நீங்கியது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நிலவிய விதி அன்றோடு மறைந்தது. மலேசியா 2023இல் அதே வழியைப் பின்பற்றியது. பிறரைத் தற்கொலைக்குத் தூண்டுவதும் அதற்கு உதவுவதும் மட்டும் சிங்கப்பூரில் இன்றும் குற்றங்களாகவே உள்ளன.

குற்றப்பிரிவு நீங்கியதால் பாதுகாக்கும் அதிகாரம் நீங்கிவிடவில்லை. 2008இல் நிறைவேறி 2010இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்பு, சிகிச்சைச் சட்டத்தின்படி, மனநோயின் காரணமாகத் தமக்கோ பிறருக்கோ தீங்கிழைக்கக்கூடியவர் எனத் தோன்றும் ஒருவரைக் காவலர் மருத்துவரிடம் கொண்டு செல்லலாம். மனநலக் கழகத்தின் மருத்துவர், தேவையெனக் கண்டால், அவரை 72 மணி நேரம் வரை மருத்துவமனையில் வைத்துக் கவனிக்கலாம். அதற்கு மேல் ஒரு மாதம் வரை வைத்திருக்க மற்றொரு மருத்துவரின் மதிப்பீடு வேண்டும். ஆக, ஒரு மனிதரின் உயிர் மட்டுமன்றி, அவருடைய சுதந்திரமும் அம்மதிப்பீட்டைச் சார்ந்து நிற்கிறது. குறைத்து மதிப்பிட்டால் உயிருக்கு ஆபத்து. மிகுத்து மதிப்பிட்டால், வீட்டில் உறவினர் நடுவே தேற வேண்டியவர் பூட்டிய கதவுக்குப் பின்னே இருக்க நேரிடும்.

எண்ணிக்கைகள் கற்பித்தவை

தற்கொலையைத் தனிமனிதப் பாவமாகவோ குற்றமாகவோ மட்டும் நோக்கிய காலத்தில், அதனைச் சமுதாயத்தோடு இணைத்து ஆராய்ந்தவர் பிரெஞ்சுச் சமூகவியலறிஞர் எமில் துர்க்கைம். 1897இல் வெளிவந்த அவருடைய நூல், மனிதனைச் சமுதாயத்தோடு பிணைக்கும் கட்டுகள் தளரும்போது தற்கொலை மிகுகிறது என்று வாதிட்டது. சிங்கப்பூரில் மருத்துவர் மர்ஃபி இதுபற்றிய ஆய்வொன்றை 1954இல் வெளியிட்டார். சமூகவியலாளர் ரியாஸ் ஹசன் 1983இல் சிங்கப்பூர்த் தற்கொலைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

உளநோய் மருத்துவர் சியா பூன் ஹோக் பல்லாண்டுகள் இத்துறையில் உழைத்தவர். அவரும் உடனாய்வாளரும் 1955 முதல் 2004 வரையிலான அரை நூற்றாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கட்டுரை பல உண்மைகளைப் புலப்படுத்துகிறது. அவ்வைம்பது ஆண்டுகளிலும் தற்கொலை விகிதம் 1,00,000 பேருக்கு 9.8 முதல் 13.0 வரை என்னும் எல்லைக்குள்ளேயே நின்றது. முதிய ஆடவரிடையே அது மிகுதியாகக் காணப்பட்டது. மலாய்க்காரரைவிடச் சீனரிடையேயும் இந்தியரிடையேயும் தொடர்ந்து கூடுதலாக இருந்தது. தமிழ்ச் சமுதாயம் இதனைப் பிறர் சிக்கலென்று ஒதுக்கிவிட இயலாது என்பதை இப்பதிவு உணர்த்துகிறது.

அண்மைக்கால எண்ணிக்கைகளும் கவலைக்குரியனவே. 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 452 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அவர்களுள் 154 பேர் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். 2022இல் அவ்வெண்ணிக்கை 476 ஆக உயர்ந்தது; அவர்களுள் 125 பேர் 10 முதல் 29 வயதுக்கு உட்பட்டோர். ஒரு புறம் தனிமையில் வாடும் முதுமை, மறுபுறம் வாழ்வின் வாசலில் நிற்கும் இளமை என இரு முனைகளிலும் இத்துயரம் பரவி நிற்கிறது.

இத்தகைய ஆய்வுகளிலிருந்தே ‘இடர்க் காரணிகள்’ என்னும் கருத்து உருவாயிற்று. முன்னைய முயற்சி, மனச்சோர்வு நோய், மனச்சிதைவு, மதுப்பழக்கம், தீரா நோயும் வலியும், துணையை இழத்தல், கடன், வேலையிழப்பு, தனிமை, குடும்பத்தில் முன்பு நிகழ்ந்த தற்கொலை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

அவசரப் பிரிவில் நிகழ்வது

பாசிர் ரிஸ் முதியவரை எதிரே அமர்த்திக்கொண்டிருக்கும் மருத்துவர் இப்பட்டியலை மனப்பாடமாக அறிந்தவர். எனினும் அவர் முதலில் கவனிப்பது உடலையே. தமக்குத்தாமே தீங்கு ஏதும் செய்துகொண்டாரா, நோய்த்தொற்றாலோ மருந்தாலோ மதுவாலோ அறிவு மயங்கியிருக்கிறாரா என்பவற்றை முதலில் தெளிவாக்க வேண்டும். அதன்பின் உறவினரைச் சற்று வெளியே இருக்கச் செய்து, நோயாளியோடு தனியே பேச வேண்டும். பின்னர் அவருடைய இசைவோடு உறவினரிடமும் விசாரிக்க வேண்டும். உயிருக்கே ஆபத்து எனத் தோன்றும்போது உறவினரிடம் செய்தியறிவது தவிர்க்க இயலாததாகிறது.

பேச்சு மெல்ல ஆழத்தை நோக்கிச் செல்லும். உறக்கம், பசி, வலி ஆகியவற்றில் தொடங்கி, வாழ்வில் சலிப்பு உண்டா, இறந்துவிட்டால் நன்று என்று தோன்றியதுண்டா, தாமே உயிரை விட எண்ணியதுண்டா, அதற்கு வழி ஏதும் நினைத்து வைத்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் உள்ளதா, எப்போது என்று எண்ணினார், முன்பு முயன்றதுண்டா எனப் படிப்படியாக வினாக்கள் செல்லும். சாகச் சொல்லும் குரல் ஏதும் காதில் கேட்கிறதா என்பதும் கேட்கப்படும். எண்ணம் வேறு, திட்டம் வேறு, ஆயத்தம் வேறு. உடைமைகளைப் பங்கிட்டுக் கொடுத்தல், விடைபெறுவதுபோல் பேசுதல், நெடுநாள் கலக்கத்துக்குப் பின் காரணமின்றித் திடீரென அமைதியடைதல் ஆகியவை மருத்துவரை எச்சரிக்கும் அறிகுறிகள்.

அதே அளவு முக்கியமானது, அவரை இதுவரை தடுத்து நிறுத்தியது எது என்னும் வினா. பேரக்குழந்தையின் முகமோ, கோவில் வழிபாடோ, மகளுக்குக் கொடுத்த வாக்கோ எதுவாயினும், அவ்விழையைப் பற்றிக்கொண்டே மருத்துவம் தொடர வேண்டும். மாற்ற இயலாத காரணிகளும் மாற்றக்கூடியவையும் உண்டு. வயதையும் கடந்த காலத்தையும் மாற்ற முடியாது. ஆனால் வலியைத் தணிக்கலாம், மனச்சோர்வுக்கு மருந்தளிக்கலாம், உறக்கத்தை மீட்கலாம், ஆபத்தான பொருள்களை வீட்டிலிருந்து அகற்றலாம், தனிமையைக் குறைக்கலாம். மதிப்பீட்டின் பயன் இம்மாற்றக்கூடியவற்றைக் கண்டறிவதிலேயே அடங்கியிருக்கிறது.

அளவுகோல்களின் எல்லை

இம்மதிப்பீட்டை எண்களாக மாற்றிவிட அறிஞர் பலர் முயன்றனர். அமெரிக்க உளநோய் மருத்துவர் ஆரன் பெக்கும் உடனாய்வாளரும் 1974இல், முயன்று தப்பியவருடைய நோக்கத்தின் உறுதியை அளக்கும் அளவுகோலை வகுத்தனர். 1983இல் பாட்டர்சனும் உடனாய்வாளரும் வயது, பால், மனச்சோர்வு, முன்னைய முயற்சி முதலிய பத்துக் கூறுகளுக்குக் கூறொன்றுக்கு ஒரு மதிப்பெண் தரும் பட்டியலை வெளியிட்டனர். நினைவில் நிறுத்த எளிதாயிருந்ததால் அது உலகெங்கும் மருத்துவ மாணவரிடையே பரவிற்று.

ஆனால் கூட்டத்தைப் பற்றிய உண்மை, தனிமனிதரைப் பற்றிய உண்மையாகிவிடாது. முதிய ஆடவரிடையே தற்கொலை மிகுதி என்பது மெய்யே. எனினும் முதிய ஆடவருள் மிகப் பெரும்பாலோர் அவ்வாறு இறப்பதில்லை. 50 ஆண்டுகளில் வெளிவந்த 365 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து ஃபிராங்கிளினும் உடனாய்வாளரும் 2017இல் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்தது. தனித்தனிக் காரணிகளைக் கொண்டு தற்கொலையை முன்னறியும் ஆற்றல், நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சிறிதளவே மேம்பட்டது என்பதே அம்முடிவு. 2022இல் பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம், யாருக்குச் சிகிச்சை அளிப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதை முடிவு செய்ய இத்தகைய மதிப்பெண் பட்டியல்களைப் பயன்படுத்தலாகாது என்று வெளிப்படையாகவே அறிவுறுத்தியது.

அப்படியானால் மதிப்பீடு வீணா? அன்று. அதன் நோக்கத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே பொருள். எதிர்காலத்தைக் கணித்துச் சொல்வது சோதிடர் தொழில். மருத்துவர் தொழில் அதுவன்று. இம்மனிதரின் துயரம் எது, அவருக்கு இப்போது தேவைப்படுவது எது என்று அறிவதே மருத்துவரின் பணியாகும்.

சென்னையும் கொழும்பும் காட்டிய வழி

கேட்பதும் தொடர்ந்து உடனிருப்பதும் உயிர் காக்கும் என்பதற்குத் தமிழருக்கு அணுக்கமான சான்று ஒன்று உண்டு. உலகச் சுகாதார நிறுவனம், சென்னை, கொழும்பு ஆகிய நகரங்கள் உட்பட ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வை மேற்கொண்டது. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுகளில் சேர்க்கப்பட்ட 1,867 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை அளிக்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு அதனோடு, வீடு திரும்பும் வேளையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனியே அமர்ந்து விளக்கவுரையும், பின்னர் 18 மாதங்களில் தொலைபேசி வழியாகவோ நேரிலோ ஒன்பது முறை நலம் விசாரிப்பும் தரப்பட்டன. 2008இல் வெளியான முடிவின்படி, வழக்கமான சிகிச்சை பெற்றோருள் 2.2 விழுக்காட்டினர் பின்னர்த் தற்கொலையால் இறந்தனர். நலம் விசாரிக்கப்பட்டோருள் அவ்வாறு இறந்தோர் 0.2 விழுக்காட்டினரே. விலையுயர்ந்த கருவியோ அரிய மருந்தோ இன்றி, ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று மீண்டும் மீண்டும் கேட்டதன் பயன் அது.

சென்னைப் பணியில் ஈடுபட்டவர் மருத்துவர் லட்சுமி விஜயகுமார். அவர் 1986இல் அந்நகரில் ‘சினேகா’ என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தோற்றுவித்தவர். இலங்கையில் ‘சுமித்ரயோ’ 1974 முதல் இயங்கி வருகிறது. இத்தகைய அமைப்புகளுக்கெல்லாம் முன்னோடி, 1953இல் இலண்டனில் பாதிரியார் சாட் வரா தொடங்கிய சமாரித்தன் இயக்கமாகும். அதன் வழியில் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் 1969ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தன் பணியைத் தொடங்கிற்று. குற்றப்பிரிவு நீங்குவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, குற்றம் சாட்டாது செவிமடுக்கும் தொண்டர்கள் இந்நாட்டில் இருந்தனர் என்பது நினைவிற்குரியது.

மருத்துவமனையை விட்டு வெளியேறிய முதற் சில வாரங்களே மிக ஆபத்தானவை என்பது பல நாட்டு ஆய்வுகளின் முடிபாகும். ஆதலால் வீட்டுக்கு அனுப்பும்போது நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டத்தை எழுதுவது இன்றைய வழக்கம். எண்ணம் தலைதூக்கும் அறிகுறி எது, அப்போது தாமே செய்யத்தக்கது எது, யாரை அழைப்பது, வீட்டிலிருந்து எதை அகற்றுவது, அடுத்த சந்திப்பு எந்நாள் என்பவை அதில் இடம்பெறும்.

தமிழில் கேட்டல்

மருத்துவரின் கருவி சொல்லேயாதலால், மொழி இங்கு உயிர்நிலையாகிறது. தமிழ் முதியவர் தம் துயரத்தை நோயின் பெயரால் சொல்வதில்லை. “மனசு சரியில்லை”, “நெஞ்சு அடைக்கிறது”, “எல்லாருக்கும் பாரமாகிவிட்டேன்”, “சாமி என்னைக் கூப்பிட்டுக்கொள்ளக் கூடாதா?” என்றே சொல்வார். கடைசியாகக் குறித்த சொல்லைப் பக்தியுள்ள முதியவர் பலர் நாள்தோறும் சொல்வதுண்டு. அதில் ஆபத்து ஏதும் இல்லாதிருக்கலாம், இருக்கவும் கூடும். மொழியறியாத மருத்துவருக்கு அவ்வேறுபாடு பிடிபடாது. பேரனை மொழிபெயர்க்கச் சொன்னால், தாத்தாவின் மானத்தைக் காக்கவோ தன் மனம் பொறாமலோ அவன் பாதியை விழுங்கிவிடுவான். எனவே அத்தருணத்தில் தமிழறிந்த மருத்துவரோ செவிலியரோ பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரோ உடனிருப்பது சிறந்தது.

நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பகுக்கிறது. அவற்றுள் அறிவினா என்பது, விடையைத் தான் அறிந்துகொண்டே பிறரைச் சோதிப்பதற்குக் கேட்பது. அறியா வினா என்பது, தான் அறியாததை அறிந்துகொள்ளக் கேட்பது. சட்டம் குற்றமெனக் கொண்ட காலத்தில், துன்புற்றவரை நோக்கி எழுந்த வினா பெரும்பாலும் அறிவினாவாகவே இருந்தது. தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. மருத்துவ வரலாறு நெடுங்காலம் முயன்று கற்றது அறியா வினாவையே. “அப்படியெல்லாம் ஒன்றும் நினைக்கவில்லைதானே?” என்று கேட்டால், அந்தத் ‘தானே’ என்னும் சொல்லே கதவைச் சாத்திவிடும், கேட்பவர் எதிர்பார்க்கும் விடையை முதியவர் தலையசைத்துத் தந்துவிடுவார். “இவ்வளவு துன்பத்தில் இருப்பவர்களுக்கு உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுவதுண்டு. உங்களுக்கு அப்படித் தோன்றியதா, ஐயா?” என்று கேட்டால் கதவு திறக்கும்.

இவ்வாறு வெளிப்படையாகக் கேட்பது, இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்று அஞ்சுவோர் பலர். அவ்வச்சத்துக்கு ஆதாரம் இல்லை. 2014இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பதால் அவ்வெண்ணம் கூடுவதில்லை என்றும், கேட்கப்பட்டோருக்கு அது நன்மையே பயக்கக்கூடும் என்றும் கண்டது. சொல்ல இயலாத பாரத்தைச் சுமப்பவருக்கு, அதனை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைப்பதே ஆறுதலாகும்.

தமிழாசிரியருக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. மாணவரின் கட்டுரை ஏட்டில் மனக்கலக்கத்தை முதலில் காண்பவர் பெரும்பாலும் அவரே. வடக்கிருந்து உயிர்நீத்த கோப்பெருஞ்சோழனைப் பற்றிக் கற்பிக்கும்போது, அது ஒரு காலத்து மன்னர் மரபு என்பதையும், வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவனின் துயரத்துக்கு அது விடையாகாது என்பதையும் சேர்த்தே உணர்த்துதல் வேண்டும். ‘தற்கொலை’ என்னும் சொல்லுக்குள்ளேயே ‘கொலை’ என்ற பழி அமர்ந்திருப்பதையும் அவர் எண்ணிப் பார்க்கலாம். சட்டப் புத்தகத்திலிருந்து குற்றம் நீங்கிவிட்டது. பேச்சு வழக்கிலிருந்து பழி நீங்குவதற்கு மொழியைக் கற்பிப்போரின் துணை வேண்டும். மருத்துவரைப்போல் மதிப்பீடு செய்வது ஆசிரியரின் வேலையன்று. அஞ்சாது கேட்பது, முடியும்வரை செவிமடுப்பது, தனியே விடாது பள்ளி ஆலோசகரிடமும் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் சேர்ப்பது ஆகிய மூன்றும் அவரால் இயல்வன. அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767, 2025இல் தொடங்கப்பட்ட தேசிய மனநல உதவி எண்ணான 1771 ஆகிய இரு எண்களும் இரவும் பகலும் விடையளிக்கின்றன. உயிருக்கு உடனடி ஆபத்து எனில் அழைக்க வேண்டியது 995.

பாசிர் ரிஸ் முதியவரிடம் மீண்டும் செல்வோமாயின், அவருக்கு அன்றிரவு எம்முடிவு எடுக்கப்பட்டாலும் அதன் தொடக்கம் ஒன்றே. மகள் அவர் சொல்லைக் கேட்டாள், அலட்சியம் செய்யவில்லை. மருத்துவமனையில் ஒருவர் அவருக்கு எதிரே அமர்ந்து, விடையை முன்கூட்டி எழுதிவைக்காமல், அவர் மொழியிலேயே கேட்டார். சிறைக்கொட்டடியில் தொடங்கிய 180 ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு அவ்வினாவில் வந்து நிற்கிறது. அடுத்த வாரம் அவரைத் தொலைபேசியில் அழைத்து, உறங்கினீர்களா என்று மறுபடியும் விசாரிக்க ஒருவர் இருப்பாராயின், அவ்வினா தன் பணியைச் செய்ததாகும்.